ஒரே சளி, நாலு டம்ளர்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். பள்ளியிலிருந்து என் மகள் கொண்டுவந்த சளி, ஒரு வாரத்தில் வீடு முழுக்கச் சுற்றிவிட்டது. முதலில் அவள், அப்புறம் வீட்டுக்காரர், அப்புறம் அத்தை, கடைசியில் நான். வேலூர் என்றால் வெயிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மார்கழி விடியற்காலையில் சத்துவாச்சாரி மலையோரத் தெருவில் வாசல் தெளித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த ஊரின் இன்னொரு முகம் தெரியும்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, குடியாத்தம் பக்கம். சளி என்றால் அவருக்கு ஒரே பதில்தான்: சுக்குத் தண்ணீர். அந்த வாரம் நான் அடுப்பில் இரண்டு பாத்திரமும் மேடையில் இரண்டு டம்ளருமாக நின்றதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, ஆளுக்கொரு பாத்திரம் வச்சிகினு கீற? கேஸு இன்னா சும்மாவா வருது? எங்க ஆயா ஒரே குண்டான்ல காய்ச்சும், வீடே குடிக்கும்" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டு நிலவரம் அவருடைய ஆயா காலத்து நிலவரம் இல்லை. அத்தைக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. வீட்டுக்காரருக்கு பிபி மாத்திரை, கூடவே வெறும் வயிற்றில் காரம் பட்டால் நெஞ்செரிச்சல். மகளுக்கு ஆறு வயது, மிளகு வாசனை வந்தாலே வாயை மூடிக்கொள்வாள். எனக்குப் பகலில் ஒன்றும் இல்லை, படுத்தால் மட்டும் வறட்டு இருமல். ஒரே சளிதான், ஆனால் அது வந்து உட்கார்ந்த உடம்பு நாலு. "சளிக்கு எது நல்லது" என்று கேட்டால் பதில் வராது. "இந்த ஆளுக்கு எது" என்று கேட்டால் உடனே வரும். அப்படிக் கேட்டுப் பார்த்ததில் எது நின்றது, எது விழுந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இதில் எந்தக் கஷாயமும் சளிக் கிருமியைக் கொல்லாது. சாதாரண சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகப் போகும். நாம் தேடுவது அந்தப் பத்து நாளைத் தொண்டை எரியாமல், ராத்திரி தூங்கித் தள்ளுவதற்கு ஒரு துணை. இதில் பாதி வேலையைச் சூடே செய்துவிடுகிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் சளி பிடித்தவர்களுக்கு ஒரே பழச்சாற்றைச் சூடாகவும் சாதாரணமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கொழுகல், இருமல், தும்மல் இரண்டிலும் குறைந்தது. தொண்டை வலியும் குளிர் நடுக்கமும் அசதியும் சூடாகக் குடித்தவர்களுக்கு மட்டும்தான் குறைந்தன. அதில் சுக்கும் இல்லை, துளசியும் இல்லை. ஆகவே ஒருவருக்கு எந்தக் கஷாயமும் பிடிக்கவில்லை என்றால் வெறும் வெந்நீரோ ரசமோ கொடுத்தாலும் குடி முழுகிவிடாது.

சுக்குக் காபி

பெயரில்தான் காபி. உள்ளே காபித்தூள் ஒரு சிட்டிகையும் கிடையாது. சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய், கருப்பட்டி. எங்கள் அளவு 50 கிராம் சுக்குக்கு 100 கிராம் மல்லி, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய். மல்லியைப் பாதியாகக் குறைத்து மிளகை இரட்டிப்பாக்குபவர்கள் உண்டு. அது காரத்தைக் காட்டிப் பயமுறுத்துவதற்குத்தான் உதவும். மல்லிதான் இந்தக் காபிக்கு உடம்பு கொடுக்கிறது. அதை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்தால்தான் பச்சை வாடை போகும்.

சுக்கு வாங்க லாங்கு பஜார் பக்கம் போயிருந்தேன். நாட்டு மருந்துக் கடையில் இரண்டு சாக்கு. ஒன்றில் வெள்ளை வெளேரென்று, இன்னொன்றில் மண் நிறத்தில். கை தானாக வெள்ளைக்குப் போயிற்று. கடைக்காரர் சிரித்தார். "அது சுண்ணாம்புல போட்டதும்மா. பூச்சி வராது, கண்ணுக்கும் அழகா கீது. கஷாயத்துக்குன்னா இத எடுத்துக்கோ" என்று மண் நிறத்தில் ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். டக்கென்று சத்தம். உள்ளே நாரோடு மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் வாசனை ஏறிற்று. இன்னொரு துண்டை ஒடித்தபோது சத்தமே இல்லை, உள்ளே மாவாக உதிர்ந்தது. வண்டு குடைந்தது. அதைத் தூரப் போட்டார். பாக்கெட்டில் பொடியாக வாங்கினால் இந்தச் சோதனையைச் செய்ய வழியில்லை என்பதால்தான் நான் முழுச் சுக்கு வாங்குகிறேன். வீட்டில் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு இடிக்க வேண்டும். இஞ்சிக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்பார்கள். நஞ்சு என்பது பெரிய வார்த்தை. மண்ணும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும் தோல் போனால் நல்லது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

பச்சை இஞ்சியே போதாதா என்று கேட்பவர்களுக்கு: இரண்டும் ஒன்றில்லை. இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. அது இன்னும் காரமானது. அதனால்தான் சுக்குக்கு அந்தத் தொண்டையில் இறங்கும் சூடு. குமட்டலுக்கு இஞ்சி, சளிக்கும் குளிருக்கும் சுக்கு என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

இது யாருக்கு? மூக்கு ஒழுகி, உடம்பு வலித்து, குளிரெடுப்பவர்களுக்கு. அத்தைக்கு நன்றாகப் பொருந்தும், ஒரே ஒரு சிக்கல் கருப்பட்டி. கருப்பட்டி, பனங்கல்கண்டு, நாட்டுச் சர்க்கரை எல்லாம் "உடம்புக்கு நல்லது" என்ற பெயரில் சர்க்கரைக்காரர்கள் வீட்டில் நடமாடுகின்றன. மூன்றுமே சர்க்கரைதான். சளி பிடித்த உடம்பில் சர்க்கரை அளவு தானாகவே ஏறும். அதோடு ஒரு நாளில் மூன்று டம்ளர் கருப்பட்டிக் காபி சேர்ந்தால் மீட்டர் என்ன காட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு இனிப்பில்லாமல்தான். முதல் நாள் முகம் சுளித்தார். மல்லியைக் கொஞ்சம் கூட்டினேன், அடங்கினார்.

வீட்டுக்காரருக்கு இது ஆகவில்லை. காலையில் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறியவர், பத்து மணிக்கு போன் செய்து "நெஞ்சுல நெருப்பு வச்ச மாதிரி கீது" என்றார். சாப்பிட்ட பிறகு அரை டம்ளர் என்றால் தாங்குகிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் சுக்கு குடிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

துளசியும் கற்பூரவல்லியும்

காசில்லாத மருந்து இதுதான். மாடியில் இரண்டு தொட்டி இருந்தால் போதும். கற்பூரவல்லியை ஓமவல்லி என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரே விவரம் சொல்லிவிடுகிறது. ஓமத்தில் இருக்கும் தைமால் இதிலும் உண்டு, கிள்ளி முகர்ந்தால் அதே மணம். ஒரு தண்டை ஒடித்து நட்டால் பத்து நாளில் வேர் பிடிக்கும்.

நான் ரொம்ப நாள் இதைத் தப்பாகவே வைத்துக்கொண்டிருந்தேன். இலை, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுவது. வீடு முழுக்க மணக்கும். அத்தனை மணமும் வீட்டுக்குப் போய்விட்டால் டம்ளரில் என்ன இருக்கும்? துளசியிலும் கற்பூரவல்லியிலும் இருப்பது ஆவியாகிப் போகும் எண்ணெய். இப்போது தட்டிய மிளகு ஐந்தையும் கால் ஸ்பூன் சீரகத்தையும் முதலில் இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒன்றரையாகக் குறையும்வரை கொதிக்கவிடுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் பத்துத் துளசி இலையையும் இரண்டு கற்பூரவல்லி இலையையும் கிள்ளிப் போட்டுத் தட்டால் மூடுவேன். பத்து நிமிஷம். தட்டைத் திறந்து அதன் அடியில் கோத்திருக்கும் தண்ணீரையும் பாத்திரத்திலேயே வழித்துவிட வேண்டும், மணம் அதில்தான் நிற்கும். நிறம் கறுக்காது, இளம் பச்சையாகத்தான் இருக்கும். "இதுவா கஷாயம்?" என்று அத்தைக்குச் சந்தேகம். குடித்த பிறகு கேட்கவில்லை.

சுக்கோடு ஒப்பிட்டால் இது மென்மை. நெஞ்செரிச்சல்காரருக்கு மிளகை இரண்டாகக் குறைத்துக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டது. குளிருக்கும் உடம்பு வலிக்கும் சுக்கு தரும் சூடு இதில் கிடையாது. மூக்கடைப்புக்கு இது மேல், ஏனென்றால் குடிக்கும்போதே ஆவி மூக்கில் ஏறுகிறது.

வேலியோரம் ஆடாதொடை இருந்தால் அதையும் போடச் சொல்வார்கள். கட்டிச் சளிக்கு அது வேலை செய்யும் என்பதை நான் நம்புகிறேன், காரணமும் உண்டு. ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின். மெடிக்கலில் சளி இளக என்று கொடுக்கும் எத்தனையோ சிரப்பில் அதுவோ, அதன் வழி வந்த ஆம்ப்ராக்சாலோதான் இருக்கிறது. ஆனால் கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. மகள் பக்கம் அதைக் கொண்டுபோகவே முடியாது. கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது, அது கருப்பையைச் சுருங்க வைக்கும்.

மஞ்சள் பால்

இப்போது இதற்கு உலகம் முழுக்கப் பெயர். எனக்கு அதன் மேல் ஒரு சின்ன வழக்கு இருக்கிறது.

மஞ்சளில் மருந்துக் குணம் உள்ள பொருள் குர்குமின். அது தனியாகப் போனால் உடம்பு பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. 1998-இல் பெங்களூரில் செய்த ஆராய்ச்சியில், குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேருவது 20 மடங்கு கூடியது. மஞ்சள் பாலில் மிளகு போடு என்று எல்லோரும் சொல்வதற்கு ஆதாரம் இதுதான். ஆனால் அங்கே கொடுத்த குர்குமின் 2 கிராம். நாம் பாலில் போடுவது கால் ஸ்பூன் மஞ்சள் தூள், முக்கால் கிராம் இருக்கும். அதில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால் சுமார் 20 மில்லிகிராம். நூறில் ஒரு பங்கு. இதை வைத்துக்கொண்டு மஞ்சள் பால் நோயெதிர்ப்பு சக்தியை மலையளவு கூட்டும் என்று பேசுவது கொஞ்சம் அதிகம்.

அப்படியானால் வேண்டாமா? வேண்டும். ராத்திரி படுக்கும் முன் சூடான பால் தொண்டையை மூடினாற்போல் இறங்கும், வயிறு நிறையும், தூக்கம் வரும். சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு அதுவே பெரிய உதவி. சளிக்குப் பால் ஆகாது, கபம் கட்டும் என்பார்கள். பால் குடித்தால் சளி கூடுதலாக ஊறுவதில்லை. எச்சிலோடு சேர்ந்து கொஞ்ச நேரம் தொண்டையில் கொழகொழவென்று தோன்றும், அவ்வளவுதான். அந்த உணர்வு பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். மஞ்சளைக் கிழங்காக வாங்கி மிஷினில் அரைத்துக்கொள்வது நல்லது. பளீரென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈய உப்பு கலந்து பிடிபட்ட கதைகள் உண்டு.

தேன் ஜெயித்தது, அதிமதுரம் தோற்றது

எனக்கும் மகளுக்கும் ராத்திரி இருமல். இதற்குப் பெரிய கஷாயம் எதுவும் தேவைப்படவில்லை. படுக்கப்போகும் முன் ஒரு ஸ்பூன் தேன், மேலே இரண்டு வாய் வெந்நீர். 2007-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் குழந்தைகளின் ராத்திரி இருமலுக்குத் தேனையும் வழக்கமான இருமல் மருந்தையும் ஒப்பிட்டார்கள். தேன் கொடுத்தவர்கள் பக்கம்தான் தூக்கமும் நிம்மதியும் கூட இருந்தது. நம் பக்கம் ஜவ்வாது மலையிலிருந்து தேன் இறங்குகிறது, நல்ல தேன் கிடைக்காமல் போகாது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். உடம்பு துவண்டுபோகும், மூச்சே நிற்கலாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

அதிமதுரம் விஷயத்தில் ஏமாந்தது நான். சர்க்கரை இல்லாமலே இனிக்கும், தொண்டைக்கு இதம், காரமும் கிடையாது. நெஞ்செரிச்சல்காரருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று போன வருஷம் வீட்டுக்காரருக்குத் தினம் இரண்டு டம்ளர் போட்டுக் கொடுத்தேன். சளி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ருசி பிடித்துப்போய் ஒரு மாதம் குடித்திருப்பார். மாதாந்திரப் பரிசோதனையில் எப்போதும் 130/80 காட்டும் பிபி 150-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையை விட்டாயா, ஊறுகாய் சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே வந்து, "வேற ஏதாவது நாட்டு மருந்து?" என்றார். இவர் பெருமையாக அதிமதுரம் என்றார். அதில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றும். பிபி உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. அன்றோடு நிறுத்தினோம். கொஞ்ச நாளில் பழைய அளவுக்கு வந்தது. அத்தைக்கும் பிபி எல்லையில் இருப்பதால் அந்த டப்பாவையே எடுத்துவிட்டேன்.

ஆக, அந்த மார்கழியில் அத்தைக்கு இனிப்பில்லாத சுக்கு, வீட்டுக்காரருக்குச் சாப்பிட்ட பிறகு துளசி, மகளுக்குத் தேனும் பாலும், எனக்குக் காலையில் கருப்பட்டி போட்ட சுக்கு, ராத்திரி தேன். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் இதெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காசநோய்ப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், நமக்கு அடுக்கம்பாறை பக்கத்திலேயே இருக்கிறது. மூச்சு வாங்கினாலோ, குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா உள்வாங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வயிறு என்றால் கதையே வேறு

சளியில் தப்பான கஷாயத்தைத் தேர்ந்தெடுத்தால் போவது ருசி மட்டும்தான், பெரும்பாலும். வயிற்றில் அப்படி இல்லை. இதைக் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்னும் கூசுகிறது.

மகளுக்கு மூன்று வயது. காலையிலிருந்து பேதி. நான் ஓமத் தண்ணீரைக் காய்ச்சி மணிக்கொரு தரம் இரண்டு ஸ்பூன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்கு ஓமம், அதுதானே வழக்கம்? சாப்பாடு வேண்டாம், வயிறு ஓய்வெடுக்கட்டும் என்று அதையும் நிறுத்தினேன். சாயங்காலம் குழந்தை அழுதாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூட்டி டாக்டர் மருந்து, மாத்திரை எதையும் பற்றி முதலில் கேட்கவில்லை. "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போச்சு?" என்றார். யோசித்துப் பார்த்தால் காலை ஏழு மணிக்கு.

ஓமம் குற்றவாளி இல்லை. உப்புசம், வாயு, அஜீரணத்துக்கு அது நல்ல சாமான்தான். பிரியாணி தின்றுவிட்டுப் புரள்பவர்களுக்கு ஓமத் தண்ணீர், மிதமான உப்புசத்துக்குச் சீரகத் தண்ணீர், இரண்டும் சரி. ஆனால் பேதியில் உடம்பு இழப்பது தண்ணீரும் உப்பும். நான் கொடுத்த இரண்டு ஸ்பூன் ஓமத் தண்ணீரில் உப்பு இல்லை, தண்ணீரும் போதாது.

பேதிக்கு வீட்டிலேயே செய்யும் கரைசல்: காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, நாக்கில் வைத்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. சர்க்கரை ருசிக்காக இல்லை. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன, பின்னாலேயே தண்ணீர் போகிறது. பேதி எவ்வளவு போனாலும் அந்தக் கதவு மட்டும் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. இதைவிட நல்லது ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதில் பொட்டாசியமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள். கடையில் அதே பெயரைப் போட்டு விற்ற இனிப்பு ஜூஸ் பெட்டிகள் வேறு சங்கதி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரே கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, மேலே என்றால் 100 முதல் 200 மில்லி. டம்ளரில் கொடுத்தால் வாந்தி எடுப்பார்கள், ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது.

கஞ்சித் தண்ணீரும் உப்பும் கொடுத்த ஆயாக்கள் இங்கே என்னைவிடக் கெட்டிக்காரர்கள். வேலூருக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. காலரா நோயாளிகளுக்குக் கரைசலில் எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைச் சேர்த்தால் பேதி சீக்கிரம் நிற்கிறது என்று 2000-இல் வெளிவந்த ஆராய்ச்சி, நம் ஊர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் செய்தது. குழந்தைகளின் பேதிக்குப் பெரிய காரணமான ரோட்டா வைரஸுக்கு இந்தியாவில் உருவான தடுப்பூசியைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. மற்றவை டெல்லி, புனே. இத்தனை நடந்த ஊரில் நான் ஓமத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

மோரைப் பற்றிக் கேட்பார்கள். பெரியவர்களுக்கு உப்புப் போட்ட மோர் பேதியில் சரி, ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

வெயிலுக்கு

இது சுலபம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், வேர்த்துக் கொட்டுபவருக்கு நீர்மோர். உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. நன்னாரி சர்பத் மணத்துக்கு ஈடு கிடையாது, ஆனால் கடையில் ஊற்றுவது சர்க்கரைப் பாகு. வீட்டில் நன்னாரி வேரைத் தட்டி, நடுவில் உள்ள கட்டையை எடுத்துவிட்டு, மண்பானைத் தண்ணீரில் ஊறவைத்தால் அத்தையும் குடிக்கலாம். வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கு இரண்டையும்விடக் கேழ்வரகுக் கூழ் மேல். தண்ணீர், உப்பு, சோறு மூன்றும் ஒரே சொம்பில். வேர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் அடி. நிழலில் போட்டு உடம்பை நனைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காய்ச்சலுக்கு நிலவேம்பு?

தமிழ்நாட்டில் 2012 டெங்கு சமயத்திலிருந்து நிலவேம்புக் குடிநீர் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது, அதற்கப்புறம் 2020-இல் கபசுரம். கடையில் வெறும் நிலவேம்புப் பொடியையும் குடிநீர்ச் சூரணத்தையும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறார்கள். குடிநீர் என்பது ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பர்ப்பாடகம். கபசுரத்தில் பதினைந்து. காய்ச்சலில் சித்த மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் குடிப்பதில் எனக்குத் தகராறு இல்லை. "எதிர்ப்பு சக்திக்கு" என்று வருஷம் பூராவும் குடிப்பதில்தான். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் குடிக்கவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். மூன்றாம் நாள், நாலாம் நாள் காய்ச்சல் இறங்கினதும் "கஷாயம் கேட்டுச்சு" என்று நிம்மதியாகிவிடுவார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், தூக்கக் கலக்கம் என்று ஏதாவது ஒன்று இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அதனால் எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் குடிநீரும் கஞ்சியும் அடுப்பில் ஏறும், ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கூடவே இருக்கும்.

இந்த மார்கழிக்கும் சுக்குப் பொடி இடித்தாயிற்று. இரண்டு மாதத்துக்கு வரும் அளவுதான், அதற்கு மேல் வைத்தால் மணம் போய்விடும். அத்தை கேஸ் கணக்கை விடவில்லை. ஒரே குண்டானில்தான் சுக்கு வைக்கிறார். ஆனால் கருப்பட்டியை உள்ளே போடுவதில்லை, தட்டிக் கிண்ணத்தில் தனியாக வைத்துவிட்டு, "வேணுங்கறவங்க போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.